மல்லிகைப்பூ கட்டிய பக்கம்

எனக்கு நான்கு முறை பணிநிறைவு விழா நடந்திருக்கிறது. நான்கு முறையும் சுவர்க்கடிகாரம்தான் கொடுத்தார்கள். என் வீட்டுக் கூடத்தில் நான்கும் நான்கு நேரம் காட்டுகின்றன. அதில் எது எனக்குச் சௌகரியமோ அந்த நேரத்துக்கு எழுந்துகொள்கிறேன்.

நான்காவது விழாவின் ரோஜா மாலை உதிர்வதற்குள் ஐந்தாவது முறையாக வேலைக்குக் கூப்பிட்டார்கள். என் திறமையைப் பார்த்து என்று நினைத்துவிடாதீர்கள். மயக்க மருந்து கொடுக்கிற வேலையை இப்போது இயந்திரம் பார்க்கிறது. என்னைவிட நன்றாகவே பார்க்கிறது; டீ குடிக்கப் போவதில்லை, அரசியல் பேசுவதில்லை. ஆனால் ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் கூண்டில் ஏற்றி நிறுத்த அதற்குக் கால் இல்லை. எனவே உயிருள்ள மயக்க மருத்துவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கோயம்புத்தூரில் அப்படிக் கால் உள்ள, வேறு ஜோலி இல்லாத ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது.

மருத்துவமனை டாக்டர் இலக்கியாவுடையது. ஒட்டறுவை மருத்துவர், அதாவது பிளாஸ்டிக் சர்ஜன். வயது நாற்பதைத் தொடவில்லை. கையோ நானூறு வருஷம் பழகிய கை. அவள் போட்ட தையலைக் கண்டுபிடிக்க எறும்புக்கே மூக்குக்கண்ணாடி வேண்டும். அங்கே குளிர்சாதனத்தை வைத்திருக்கும் குளிரில் துருவக்கரடி வந்தால் சால்வை கேட்கும். நான் இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு, ஒரு பிளாஸ்கில் சுக்குக் காபியுடன், எந்தத் தப்புக்கும் தயாராக உட்கார்ந்திருப்பேன்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், தோல் எதையும் மறப்பதில்லை என்று யாரோ கண்டுபிடித்துத் தொலைத்தார்கள்.

விஷயம் இதுதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தொட்டால், அந்தத் தொடுகை அங்கிருக்கும் நரம்பு நுனிகளில் தங்கிவிடுகிறது. தொடுபதிவு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதை எழுப்ப ஒரு கருவியும் வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் வாய்க்கு வசதியாக அதை 'எழுப்பி' என்றார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு மெல்லிய தகடு. தோல்மேல் ஒட்டி முடுக்கினால், எப்போதோ தொட்ட கை மறுபடி தொடும். அந்தத் தோலுக்குச் சொந்தக்காரர் மட்டும் உணர்வார். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் திரையில் மேலும் கீழுமாக ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். கோட்டைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது.

முதல் சில மாதங்கள் ஊருக்கே பைத்தியம் பிடித்தது. காதலிப்பவர்கள் கை கழுவுவதை நிறுத்தினார்கள். சோப்பு வியாபாரிகள் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்தார்கள். ஒரு மில் முதலாளி, செத்துப்போன அப்பா கன்னத்தில் விட்ட அறையை மறுபடி வாங்கிக்கொள்ள வரிசையில் நின்றார். வாங்கியபின், அவர் அழுததில் எங்கள் வரவேற்பறைத் தரைவிரிப்பை மொட்டைமாடியில் உலர்த்த வேண்டியதாயிற்று. பீளமேட்டிலிருந்து ஒருவர் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்து, இதில் யார் கை இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றார். இலக்கியா அவருடைய மணிக்கட்டைப் பிடித்து வெளியே விட்டுவிட்டு வந்தாள்.

அப்புறம் வேறு மாதிரி ஆட்கள் வந்தார்கள். பழைய தொடுகையை உணர அல்ல. அது இருக்கிற தோலை வெட்டி எறிந்துவிடச் சொல்லி. அவர்களிடம் நான் வேடிக்கை பேசியதில்லை.

மித்ராவும் நேத்ராவும் வந்தது ஒரு சித்திரை மாதத்தில். முதலில் பார்த்தபோது என் கண்ணில் புரை விழுந்து ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்று நினைத்தேன். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர். அதே மூக்கு, அதே மோவாய்க்குழி. முப்பத்தைந்து வயதிலும் ஒருத்தி ஆரம்பிக்கும் வாக்கியத்தை இன்னொருத்தி முடிக்கிற ரகம். அக்கா மித்ரா சாயப்பட்டறையில் மேலாளர். தங்கை நேத்ரா சூலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை.

ஒரு வித்தியாசம் உண்டு. நேத்ராவுக்கு ஒன்பது வயதில், ஒரு கல்யாண மண்டபத்தில், கொதிக்கும் ரச அண்டா சரிந்து மார்மேல் கொட்டியிருக்கிறது. கழுத்தடியிலிருந்து விலா வரைக்கும் தோல் உருகிய மெழுகுபோல இறுகிக் கிடந்தது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது.

"பிள்ளைங்க எனக்கு 'கீழ்ப்பலகை மிஸ்'னு பேர் வெச்சிருக்குதுங்க. போர்டுல பாதிக்கு மேல என்னால எழுத முடியாதில்லீங்களா," என்று அவளே சிரித்தாள்.

ஆனால் அன்றைக்கு நோயாளியாக வந்தது மித்ரா. அவளுக்கு மார்பைத் தூக்கி அமைக்கும் அறுவைச்சிகிச்சை வேண்டியிருந்தது.

"ரெண்டு பிள்ளைகளுக்குப் பால் குடுத்த உடம்புங்க டாக்டர்," என்றாள். "அப்புறம் இருபது கிலோ குறைச்சேன். இப்ப ரெண்டும் சண்டை போட்ட புருசன் பொண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு திசை பாக்குது. அதுகூடப் பரவால்லீங். வெயில் காலம் வந்தா அடி மடிப்புல வேர்த்து வேர்த்துப் புண்ணாகுது. பட்டறை சூட்டுல நிக்க முடியறதில்ல."

இலக்கியா ஒரு தாளை எடுத்து மூன்று படம் வரைந்தாள்.

"மூணு வழி இருக்குங்க. முதலாவது, கருவட்டத்தைச் சுத்தி ஒரு வளையம் மாதிரித் தோலை எடுக்கறது. தழும்பு தெரியவே தெரியாது. ஆனா கொஞ்சந்தான் எடுக்கலாம். பேராசைப்பட்டு எடுத்தா வட்டம் விரிஞ்சு ஊத்தப்பம் மாதிரி ஆயிரும். ரெண்டாவது, அந்த வளையத்தோட நேர்கீழா ஒரு கோடு. மூணாவது, அடி மடிப்புலயும் நீளமா இன்னொரு கோடு. நங்கூரம் மாதிரி இருக்கும். நிறையத் தோல் எடுக்கலாம், தழும்பும் நிறைய. உங்களுக்கு ரெண்டாவதே போதும்."

"இழுத்துத் தெச்சுட்டா நின்னுக்குமுங்களா?"

"தோல் ரவிக்கை இல்லீங்க, இழுத்து ஊக்குப் போட. உள்ள இருக்கற சதையை ஏத்திக் கட்டணும். தோல் சும்மா மேல்மூடிதான். அதுல கணக்குக்கு மேல எடுத்தா தையல் வாயைப் பொளக்கும், காம்புக்கு ரத்தம் போகாது, கறுத்து உதிர்ந்தாலும் உதிர்ந்துரும். காலத்துக்கும் அப்படியே நிக்கும்னு யாராச்சும் சொன்னா அவங்க டாக்டர் இல்ல, டைலர்."

மித்ரா சிரித்தாள். நேத்ரா சிரிக்கவில்லை. படத்தில் கோடு போட்ட பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்கற தோலை என்ன பண்ணுவீங்க டாக்டர்?"

"எரிச்சுருவோம்."

"அது எனக்கு வேணுமுங்."

இலக்கியா பேனாவைக் கீழே வைத்தாள். நானும் காபியைக் கீழே வைத்தேன். நான் காபியைக் கீழே வைப்பது நூற்றாண்டுக்கு ஒருமுறை நடக்கிற காரியம்.

"உங்க தழும்பை விடுவிச்சு அந்த இடத்துல ஒட்டச் சொல்றீங்களா?" என்றாள் இலக்கியா. "தாராளமா செய்யலாம். வேற யார் தோல் வெச்சாலும் உங்க உடம்பு தள்ளிரும். அக்காவோடது ஒட்டிக்கும். உங்க ரெண்டு பேருக்கும் உடம்பளவுல வித்தியாசமே கிடையாது. கையும் மேல வரும்."

"கை வந்தா வரட்டுமுங். எனக்கு இடது பக்கத்துத் தோல் வேணும். இடது மட்டும்."

அப்புறம் அவளே சொன்னாள். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே மாதத்தில் ஆளுக்கொரு பையன் பிறந்தான். மித்ராவுக்குக் கபிலன். நேத்ராவுக்கு ஆதி. நேத்ராவின் மார்பில் பால் சுரந்தது; வெளியே வர வழி இல்லை. ரசம் கொட்டிய தழும்பு எல்லா வாசலையும் மூடிவிட்டது. காய்ச்சலும் கட்டியுமாக அவள் கிடந்தபோது மித்ரா இரண்டு குழந்தைகளையும் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். இடது பக்கம் ஆதிக்கு, வலது பக்கம் கபிலனுக்கு. ஒருத்தன் பங்கை இன்னொருத்தன் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டமே போட்டிருந்தார்கள்.

"ஆதிக்கு இருதயத்துல ஓட்டைங்க டாக்டர். மூச்சு பத்தாது. நான் பக்கத்துலயே உக்காந்து அவன் பாதத்தைப் புடிச்சுட்டுப் பாத்துட்டிருப்பேன். ரெண்டு இழுப்பு இழுப்பான், நிறுத்துவான். மூச்சு வாங்குவான். மறுபடி ரெண்டு இழுப்பு. அந்தப் பக்கம் கபிலன் மோட்டார் போட்ட மாதிரி உறிஞ்சுட்டிருப்பான். இவன் பாவம், ரெண்டு, நிறுத்தம். ரெண்டு, நிறுத்தம்." அவள் விரல் மேசைமேல் அதைத் தட்டிக் காட்டியது. "அஞ்சு மாசந்தான் இருந்தான்."

நேத்ரா தட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

"அவனை நான் தூக்கியிருக்கேன், குளிக்க வார்த்திருக்கேன், எல்லாம் பண்ணியிருக்கேன். அந்த ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியாது. எப்படி இருந்திருக்கும்னு தெரியாது. அக்கா உடம்புல அது இன்னும் இருக்குது. அவன் போன அன்னிக்கே, அந்தப் பக்கத்தை இனி யாருக்கும் குடுக்க மாட்டேன்னு அவன் தலைமாட்டுல உக்காந்து சத்தியம் பண்ணினா. பால் வத்தறதுக்கு மல்லிகைப்பூ வெச்சுக் கட்டிக்குவாங்கல்ல. இடது பக்கத்துக்கு மட்டும் கட்டினா. சாவு வீடு பூரா மல்லிகை வாசம். சொல்லேங்க்கா."

மித்ரா ஜன்னலைப் பார்த்தபடி, "ஆமா, கட்டினேன்," என்றாள்.

இலக்கியா விதிகளைச் சொன்னாள். தோல் ஒட்டி, உள்ளே புது நரம்பு ஏறி வர ஒன்பது பத்து மாதமாகும். அதற்கப்புறம்தான் எழுப்ப முடியும். ஒரு தோல் ஒரு தடவைதான் பேசும். பேசி முடித்தால் வெறும் தோல். பாதியில் நிறுத்தினாலும் அப்படித்தான். மிச்சம் அடங்கிப்போய்விடும், மறுபடி எழாது. இன்னொன்று, காம்பையும் கருவட்டத்தையும் வெட்டுவதில்லை. அதன் ஓரத்து வளையமும் அதற்குக் கீழே இருக்கிற தோலும்தான் கிடைக்கும்.

"அப்ப வாய் பட்ட இடம்?"

"முழு வாய் கிடைக்காதுங்க. கீழுதடு, தாடை, கன்னம், கை வெச்ச இடம், இவ்வளவுதான் கிடைக்கும்."

"போதுமுங்," என்றாள் நேத்ரா, பிச்சை போட்டவர்களிடம் சொல்வதுபோல.

"வலது பக்கத்து வெட்டுத் தோலை என்ன பண்ணலாம்?" என்று நான் மித்ராவைக் கேட்டேன்.

"எரிச்சுருங்க மேடம். அந்தத் தொரைக்கு ஒன்பது வயசாச்சு. இன்னும் தினமும் என்ற உசிரைக் குடிச்சுட்டுத்தான் இருக்கறான். அதுக்கு நினைவு வேறயா?"

அறுவைக்கு முன்தினம் மித்ராவை நிற்க வைத்துக் கோடு போட்டாள் இலக்கியா. படுத்தால் எல்லாம் சரிந்து பொய்க்கணக்குக் காட்டும். எனவே நிற்கவைத்துத்தான் வரைய வேண்டும். ஊதா நிறப் பேனா. முதுகு நிமிர்ந்து, கை தொங்கவிட்டு, தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல நின்றாள் மித்ரா.

"டாக்டர், ஒண்ணு கேக்கட்டுமா? ஒரே இடத்துல ரெண்டு பேர் தொட்டிருந்தா, முதல்ல தொட்டது நிக்குமா, கடைசில தொட்டது நிக்குமா?"

"கடைசிலதான்," என்றாள் இலக்கியா, கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "சிலேட்டு மாதிரிங்க. மேல எழுதிட்டா பழசு அழிஞ்சுரும். அப்படித்தான் எல்லா ஆராய்ச்சியும் சொல்லுது."

மித்ரா குனிந்து ஊதாக் கோட்டைப் பார்த்தாள். பிறகு, "மூணாவது மாதிரியே பண்ணிருங்க. நங்கூரம்," என்றாள்.

"ஏனுங்க? தழும்பு கம்மியா வேணும்னீங்க. உங்களுக்கு அவ்வளவு தேவையே இல்ல."

"எவ்வளவு எடுக்க முடியுமோ எடுத்து அவளுக்குக் குடுத்துருங்க."

இலக்கியா தோலை இரு விரலால் கூட்டிப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு கோடும் இழுவை இல்லாமல் ஒன்றையொன்று தொட வேண்டும், அதுதான் எல்லை. "அடி மடிப்பு வரைக்கும் போறேன். இந்தக் கோட்டுக்கு மேல ஒரு நூல் கேட்டாலும் தர மாட்டேன். ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும், மூட முடியணும், உசிரோட இருக்கணும். அதுதான் என் கணக்கு."

"இன்னும் கொஞ்சம்..."

"உங்க தங்கச்சிக்கு ஆசை இருக்கற அளவுக்கு உங்க உடம்புல தோல் இல்லீங்க மித்ரா."

மறுநாள் காலை மேசைமேல் படுத்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். மயக்கத்துக்கு முன் கை பிடிப்பவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவர்கள் கொட்டியதைக் கேட்டுக் கேட்டு மூன்று மாவட்டத்து ரகசியம் என் காதுக்குள் குடியிருக்கிறது. எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டால் நான்கு எம்.எல்.ஏ.க்களும் இரண்டு சாமியார்களும் ஊரைவிட்டு ஓடவேண்டியிருக்கும். இயந்திரத்திடம் யாரும் எதையும் சொல்வதில்லை. அதனால்தான் என்னை இன்னும் வைத்திருக்கிறார்களோ என்னவோ.

"மேடம், இலக்கியா டாக்டர் வரதுக்குள்ள ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லு கண்ணு."

"மூணாம் நாளே பூவை அவுத்துட்டேன்."

நான் அவள் பக்கம் குனிந்தேன்.

"மார் கல்லா கட்டிக்கிச்சு. ஆதி போயிட்டான்னு அதுக்குத் தெரியல, நேரத்துக்கு நேரம் சுரக்குது. நேத்ரா பாக்காதப்ப கபிலனை அந்தப் பக்கம் வெச்சேன். ஒரே ஒரு தடவைன்னுதான் வெச்சேன். அப்புறம் அவனுக்குப் பல் வந்துச்சு. வலது பக்கத்தைக் கடிச்சுப் புண்ணாக்கிட்டான். அதுக்கப்புறம் இடதுலயேதான் குடிச்சான், ஒன்றரை வயசு வரைக்கும். இவ வீட்டுக்குள்ள வந்தா வலதுக்கு மாத்திக்குவேன்." கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. படுத்துக்கொண்டு அழுகிறவர்களுக்கு அது ஒரு தொல்லை. "அப்ப ஆதி அதுல இல்லீங்களா மேடம்? அழிஞ்சுட்டானா?"

"நிறுத்திடலாமா? ஒரு வார்த்தை சொல், இலக்கியாவிடம் நான் பேசிக்கறேன்."

"நிறுத்தி, அவகிட்ட என்னன்னு சொல்றது? வேண்டாம். தோலாச்சும் அவளுக்கு ஆகட்டும். கையாச்சும் மேல வரட்டும்."

எழுப்பும்போது தெரிந்துபோகுமே என்று நான் கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் பத்து மாதம் இருக்கிறது. பத்து மாதத்தில் உலகத்தில் என்னென்னவோ நடக்கலாம் என்று நம்புவதற்கு மனிதர்களுக்கு ஒரு திறமை உண்டு. இலக்கியா வந்தாள். இயந்திரம் மருந்தைச் செலுத்தியது. மித்ராவின் பிடி தளர்ந்தது. நோயாளி சொன்னதை வெளியே சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. ஆகவே இரண்டு சுவெட்டருக்குள் அதையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு அறுவையும் கச்சிதமாக நடந்தன. மித்ராவுக்கு எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. தழும்பு மட்டும் நங்கூர வடிவில் சிவந்து கிடந்தது. கேட்டு வாங்கிய தழும்பு. நேத்ராவின் மார்மேல் உள்ளங்கை அகலத்துக்கு அக்காவின் தோல், ஒரு தீவு மாதிரி ஒட்டிக்கொண்டது. ஆறாம் மாதம் அவள் பள்ளியில் பலகையின் உச்சியில் தேதி எழுதியபோது பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்கள். மூன்று கிலோமீட்டருக்குக் கேட்டதாம். நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். என்னோடு பழகிப் பழகி அவளுக்கும் அந்தக் குணம் ஒட்டிக்கொண்டது.

பத்தாம் மாதம் ஒரு சனிக்கிழமை முற்பகல், எழுப்புவதற்கு நாள் குறித்தோம். நேத்ரா தலைக்குக் குளித்து, புதுச்சேலை உடுத்தி, வாய் நிறையச் சிரிப்போடு வந்தாள். குழந்தையைத் தொட்டிலில் இடும் நாளுக்கு வருகிறவளைப்போல. கூடவே மித்ரா. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு என் பிளாஸ்கில் நிறைய வேலை இருந்தது.

"நீயும் உள்ள வாக்கா."

"நான் வெளிய இருக்கேன் சாமி. அது உன்ற நேரம்."

உள்ளே நாங்கள் மூன்று பேர். இலக்கியா தகட்டை ஒட்டினாள். எழுப்புவதற்கு முன் கருவி அந்தத் தோலை ஒருதரம் அடிவரைக்கும் அளந்து, மொத்தக் கோட்டையும் திரையில் வரைந்துவிடும். அது வரைந்து முடித்தது. யாரும் திரையைப் பார்க்கவில்லை. நேத்ரா கையில் நிறுத்துகிற பொத்தானைக் கொடுத்தாள் இலக்கியா.

"வலிச்சா மட்டும் அழுத்துங்க. நிறுத்தினா மறுபடி கிடையாது, ஞாபகம் இருக்கட்டும்."

"நான் எதுக்குங்க நிறுத்தப் போறேன்," என்று கண்ணை மூடினாள்.

முதலில் அவள் தோள் இறங்கியது. பிறகு உதடு பிரிந்தது. இடது கை தானாக வளைந்து, இல்லாத ஒரு தலையைத் தாங்கிக்கொண்டது. அவள் முகத்தில் அப்போது வந்ததை நான் பெரிதாக்கிச் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிதாக எதுவும் என்னிடம் இல்லை.

"குடிக்கறான்," என்றாள் மெதுவாக. "டாக்டர், குடிக்கறான். எவ்வளவு வேகமா... கை வெச்சுத் தட்டறான்..."

இலக்கியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நேத்ராவின் புருவம் சுருங்கியது. வளைந்த கை அப்படியே நின்றது.

"என்னங்க, வலிக்குதா?"

"கடிக்கறான்," என்றாள். "கீழ ரெண்டு பல்லு."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். இலக்கியாவை அல்ல; என்னை. நான் பார்வையைத் திருப்புவதற்குள் என் முகத்தில் படிக்கவேண்டியதைப் படித்துவிட்டாள். கணக்கு வாத்தியார் அல்லவா.

"ஆதிக்குப் பல்லு முளைக்கவே இல்லீங்களே மேடம்."

இலக்கியா ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நேத்ரா மறுபடி கண்ணை மூடினாள். உள்ளே அந்தக் குழந்தை குடித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

"ஐயோ, ஏன் நிறுத்தினீங்க?" என்றாள் இலக்கியா. "இன்னும் பாதிகூட முடியல."

"இது கபிலனுங். அக்காவோடது. ஒரு தடவைதான் வரும்னு சொன்னீங்க. இன்னொருத்தி பிள்ளை குடிச்சதை நான் உக்காந்து அனுபவிச்சுட்டிருந்தா திருட்டுப் பண்ற மாதிரி இருக்குது." தகட்டைத் தானே உரித்து மேசையில் வைத்தாள். "பூ கட்டிட்டுத்தான் இருந்தா. நான் பாத்தேன். பச்சைப்புள்ள பசில அழுதா என்ன பண்ணுவா, பாவம். நானா இருந்தாலும் அவுத்துத்தான் இருப்பேன்."

ரவிக்கையைச் சரிசெய்துகொண்டாள். கண்ணாடி முன் நின்று முகம் கழுவி, பொட்டைத் திருத்தினாள். கதவருகே நின்று எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாமுங். தாங்க மாட்டா."

வெளியே மித்ரா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் எழுந்தாள். தீர்ப்புக்கு நிற்பவள்போல இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டாள்.

"ஆதிதாங்க்கா," என்றாள் நேத்ரா.

மித்ராவின் கோத்த விரல்கள் பிரிந்தன.

"நெசமாவா?"

"நெசமாத்தான். அப்படியே அவன். ரெண்டு இழுப்பான், நிறுத்துவான். மூச்சு வாங்குவான். மறுபடி ரெண்டு. தாடை சில்லுன்னு இருந்துச்சு, அவனுக்கு எப்பவும் சில்லுன்னுதானே இருக்கும். கைய விரிக்கக்கூட இல்ல, மூடியே வெச்சிருந்தான். உன்ற பக்கத்துல அவன் நல்லாத்தான் இருந்திருக்கான்க்கா."

மித்ரா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் முன்னால் நான்கு பணிநிறைவு விழாவுக்கும் சேர்த்து இருபது பேர் அழுதிருக்கிறார்கள். அதில் பதினெட்டுப் பேர் நடிகர்கள். இது அப்படி அல்ல. ஒரு ஆயுள் தண்டனை ரத்தான ஆளின் அழுகை. தங்கையின் தோளுக்கு மேலாக அவள் என்னைப் பார்த்து, தெரியுமா மேடம், அவன் அழியவில்லை என்று கண்ணாலேயே சொன்னாள். நான் தலையாட்டினேன். நேத்ரா, இப்போது நன்றாக மேலே எழும்புகிற வலது கையால் அக்காவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் வண்டி கேட்டைத் தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். கபிலனுக்குப் பிரியாணி வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று பேசிக்கொண்டே போனார்கள்.

இலக்கியா திரைக்கு முன் உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், இங்க வாங்களேன்."

அவள் குரல் சரியில்லை. போய்ப் பார்த்தேன். கருவி முதலில் அளந்து வரைந்த முழுக்கோடு திரையில் வரிவரியாக நின்றது. மேலே மலைத்தொடர் மாதிரி உயரம் உயரமாக, இடைவிடாத ஏற்ற இறக்கம்: மோட்டார் போட்ட மாதிரி. ஏறக்குறைய நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி; நேத்ரா நிறுத்திய இடம். அதற்குக் கீழேயும் மலைகள் கொஞ்ச தூரம் போய், சிறுத்து, தேய்ந்து, ஓய்ந்தன.

"எல்லாரும் சிலேட்டுன்னுதான் எழுதி வெச்சிருக்காங்க," என்றாள். "நானும் மித்ராகிட்ட சிலேட்டுன்னு சொன்னேன். அழியறதில்ல மேடம். அடியில போயிருது. மேல இருக்கறது பேசி முடிச்சாத்தான் அது மேல வரும். இதோ பாருங்க."

கோட்டின் கடைசியில் விரலை வைத்தாள்.

"திரும்ப எழுப்ப முடியாதா?" என்றேன். விதியை அவள் சொன்னபோதெல்லாம் பக்கத்தில் இருந்தவள்தான் நான், இருந்தாலும் கேட்டேன்.

முடியாது என்று தலையை அசைத்தாள்.

நான் எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவள் என்பது இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதை மட்டும் இருந்த அளவிலேயே சொல்கிறேன். அது மலை இல்லை, மேடுகூட இல்லை. நகக்கீறல் உயரம்தான் இருந்தது. இரண்டு சின்ன ஏற்றம், ஒரு வெற்றிடம். இரண்டு சின்ன ஏற்றம், ஒரு வெற்றிடம். அப்படியே, திரையின் விளிம்பு வரைக்கும்.